எலி தொடங்கி வைத்த பஞ்சாயத்து

ஐப்பசி பிறந்துவிட்டால் செட்டியார்பட்டி, தளவாய்புரம் வட்டாரத்தில் தையல் மெஷின்களின் சத்தம் ராத்திரியிலும் அடங்காது. தீபாவளி நைட்டி ஆர்டரை முடித்து அனுப்பியாக வேண்டும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளும், ராஜபாளையம் பஞ்சாலைகளின் மூன்று ஷிப்டும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். டீக்கடைப் பேச்சு மட்டும் ஒன்றையே சுற்றிவரும்: “இந்த வருசம் எத்தன பெர்சன்ட்டாம்?” எட்டேகால் முதல் இருபது வரை ஏதோ ஓர் எண் காதில் விழும். அந்தப் பணத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் சிவகாசி வெடியும் பிள்ளைகளுக்குப் புதுத்துணியும் வீட்டுக்கு வரும். அடகுக்கடையில் கிடக்கும் கம்மலும் திரும்பும். தீபாவளி என்றால் போனஸ் என்பது அமாவாசை வருவதைப்போல இயல்பாகிவிட்டது. ஆனால் சட்டப்புத்தகத்தில் இருப்பது எட்டும் அல்ல, எட்டரையும் அல்ல, 8.33. இப்படி ஒரு கோணல் எண்ணை யார் கண்டுபிடித்தது? அதற்கு ஆயிரத்து சொச்சம் மைல் வடக்கே, ஓர் எலியிடமிருந்து தொடங்க வேண்டும்.

1917-ம் ஆண்டு. ஆமதாபாத்தில் எலிகள் செத்து விழுந்தன. பிளேக் என்று தெரிந்ததும் ஊர் காலியாகத் தொடங்கியது. ஐரோப்பாவில் முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. மான்செஸ்டர் துணி கப்பலேறி வருவது குறைந்துபோனதால் இந்திய மில்களுக்கு அடித்தது யோகம். நெய்ததெல்லாம் விற்றது. ஆனால் நெய்ய ஆள் வேண்டுமே? நெசவாளர்கள் மூட்டை முடிச்சோடு கிராமத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். உபதேசம் செய்து யாரையும் பிளேக் ஊரில் நிறுத்த முடியாது. மில் முதலாளிகள் பணப்பெட்டியைத் திறந்தார்கள். ஊரைவிட்டுப் போகாமல் தறியில் நிற்பவருக்குச் சம்பளத்தோடு 70, 80 சதவீதம் வரை கூடுதல் பணம். ‘பிளேக் போனஸ்’ என்று அதற்குப் பெயர் விழுந்தது. இன்றைய மனிதவளத் துறைக்காரர்கள் கூட்டம் போட்டு யோசிப்பதை அன்று ஓர் எலி ஒரே வாரத்தில் யோசிக்க வைத்துவிட்டது. நெசவாளர்கள் நின்றார்கள், தறிகள் ஓடின. சில மாதங்களில் பிளேக் ஓய்ந்தது. வில்லங்கம் அதன் பிறகுதான் ஆரம்பித்தது.

1918 ஜனவரியில் முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். நோய் போய்விட்டது, போனஸ் எதற்கு? அவர்கள் பார்வையில் அது நியாயமான கேள்வி. ஆனால் போனஸ் ஓடிய மாதங்களில் தானியம், எண்ணெய், துணி என்று எல்லாவற்றின் விலையும் ஏறியிருந்தது. கூடுதலாக வந்த பணம் அந்த ஏற்றத்தில் கரைந்து, குடும்பச் செலவோடு கலந்துவிட்டது. ஒரே நாளில் அதை நிறுத்தினால் பாதிச் சம்பளம் போனதற்குச் சமம். போனஸ் போகட்டும், கூலியில் 50 சதவீதம் ஏற்றிக் கொடுங்கள் என்றார்கள் நெசவாளர்கள். முதலாளிகள் 20-க்கு மேல் ஏறவில்லை. மில் முதலாளிகளின் பக்கம் முன்னே நின்றவர் அம்பாலால் சாராபாய். நெசவாளர்களின் பக்கம் நின்றவரும் அதே வீட்டிலிருந்து வந்தவர்தான்.

அவர் அம்பாலாலின் சொந்த அக்கா அனசூயா சாராபாய். லண்டனில் படித்துத் திரும்பி, மில் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தவர். தம்பிக்கு எதிராக அக்கா நின்ற இந்தச் சண்டைக்கு நடுவே வந்து சேர்ந்தார் காந்தி. இரு தரப்புக் கணக்கையும் புரட்டிவிட்டு, 35 சதவீதம்தான் நியாயம் என்றார். நெசவாளர்கள் ஐம்பதிலிருந்து இறங்கி வந்து ஒப்புக்கொண்டார்கள். முதலாளிகள் அசையவில்லை. பிப்ரவரி 22-ம் தேதி மில் கதவுகள் சாத்தப்பட்டன. சபர்மதி ஆற்றங்கரையில் ஒரு கருவேல மரத்தடியில் தினமும் கூட்டம் நடந்தது. துண்டறிக்கைகள் வாசிக்கப்பட்டன. வேலையில்லாதவர்களுக்கு ஆசிரமக் கட்டடத்துக்கு மண் சுமக்கும் வேலை கிடைத்தது. நாள் போகப்போகக் கூட்டம் மெலிந்தது. காந்திக்கும் அனசூயாவுக்கும் என்ன, காரில் வருகிறார்கள், வயிறாரச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அது காந்தியின் காதுக்குப் போனது.

மார்ச் 15-ம் தேதி காந்தி சோற்றைத் தொட மறுத்தார். முடிவு கிடைக்கும்வரை உண்பதில்லை என்று அறிவித்தார். இந்தியாவில் பொதுக் காரியம் ஒன்றுக்காக அவர் இருந்த முதல் உண்ணாவிரதம் இதுதான். அம்பாலால் அவருக்கு நண்பர், ஆசிரமத்துக்குப் பணம் கொடுத்தவரும்கூட. நண்பரின் பட்டினிக்கு மூன்றே நாளில் இறங்கி வந்தார். யார் முகமும் வாடாத ஓர் ஒப்பந்தம் பிறந்தது. முதல் நாள் 35 சதவீதம், நெசவாளர்களின் சபதம் நிறைவேறும். இரண்டாம் நாள் 20, முதலாளிகளின் வைராக்கியம் காப்பாற்றப்படும். மூன்றாம் நாளிலிருந்து நடுவர் தீர்ப்பு வரும்வரை இடைப்பட்ட இருபத்தேழரை. நம் ஊர் பஞ்சாயத்தார் கேட்டாலும் மெச்சியிருப்பார்கள். நடுவர் ஆனந்தசங்கர் துருவா அந்த ஆண்டே தீர்ப்புச் சொன்னார், 35 சதவீதம். நெசவாளர்கள் கூலியை வென்றார்கள், பிளேக் போனஸ் அத்தோடு செத்தது. ஆனால் அதற்குள் பம்பாயில் அது வேறு வேடத்தில் வளர ஆரம்பித்திருந்தது.

பம்பாய் மில்களில் 1917-லேயே ‘போர் போனஸ்’ என்று 10 சதவீதம் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு அது 15 ஆனது. போர் முடிந்தும் லாபம் குறையவில்லை. 1919-லிருந்து இன்னொரு வழக்கம் சேர்ந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு மாதச் சம்பளத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பது. இது முதலாளியின் மனசு, அவ்வளவுதான். எழுத்தில் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் வாங்கியவர் அதை மனசில் எழுதி வைத்துக்கொள்கிறார். அந்தப் பணத்தை நம்பி வட்டிக்கு வாங்குகிறார், மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார். ஆண்டுக்கு ஆண்டு அது வந்துகொண்டிருந்தது. 1923-ல் மில்களின் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது.

இந்த ஆண்டு போனஸ் கிடையாது. சந்தை சரிந்துவிட்டது, லாபம் இல்லை. அவ்வளவுதான் சேதி. 1924 ஜனவரியில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் தறியை விட்டு இறங்கினார்கள். பம்பாய் தலைமை நீதிபதி சர் நார்மன் மெக்லியோட் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது. தொழிலாளர்கள் கேட்டது மிச்சக் கூலியை அல்ல, வழக்கத்தை. குழு ஏட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னது: சட்டப்படியும் உரிமை இல்லை, வழக்கப்படியும் இல்லை, நியாயப்படியும் இல்லை. போதாக்குறைக்கு 1923-ல் மில்கள் லாபமே பார்க்கவில்லை. மார்ச்சில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. இரண்டு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்த வேலைநிறுத்தம் வெறுங்கையோடு முடிந்தது. கொடுப்பவருக்கு இஷ்டம் இருந்தால் போனஸ், இல்லாவிட்டால் இல்லை. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

வேடிக்கை என்னவென்றால், பம்பாய் மில்கள் பூட்டிக் கிடந்த அதே பிப்ரவரியில், அமெரிக்காவின் பிலடெல்பியா பக்கத்து நூற்பாலை ஒன்றில் இதன் தலைகீழ் நாடகம் நடந்துகொண்டிருந்தது. அங்கே நூற்கும் பிரிவில் ஆள் நிற்பதே இல்லை. மற்றப் பிரிவுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்தாறு பேர் விலகினால், இங்கே நூறு இடத்துக்கு 250 பேரைப் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. அதிக உற்பத்திக்குப் போனஸ் என்று திட்டம் போட்டுப் பார்த்தார்கள், அந்த இலக்கை ஒருவரும் தொடவே இல்லை. எல்டன் மேயோ என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஒரு செவிலியரோடு வந்தார். நாள் முழுக்க மெஷினோடு முன்னும் பின்னும் நடந்து கால் வீங்கிய ஆட்களின் பேச்சைக் கேட்டார். வேலைக்கு நடுவே பத்துப் பத்து நிமிஷம் படுத்து ஓய்வெடுக்கட்டும் என்றார். படுத்தார்கள். உற்பத்தி ஏறியது, அதுவரை எட்டாத போனஸ் தானாகக் கைக்கு வந்தது. 1924 பிப்ரவரியில் அவசர ஆர்டர் வந்ததும் மேற்பார்வையாளர் அந்த ஓய்வை ரத்து செய்தார். ஒரே வாரத்தில் உற்பத்தி விழுந்து, பழைய சலிப்பு திரும்பிவிட்டது. அடித்துப்பிடித்து மறுபடியும் படுக்கவைத்தார்கள். மேயோ பின்னாளில் ஹாதார்ன் தொழிற்சாலை ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்றார். இன்று கம்பெனிகளில் ‘எம்ப்ளாயி என்கேஜ்மென்ட்’ என்று கோட்டு போட்டுக்கொண்டு பேசுகிறார்களே, அதன் தாத்தா அவர்தான். பணமும் ஓய்வும் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வேலை செய்யும்போல. ஆனால் கொடுத்துவிட்டுப் பறித்தால் என்ன ஆகும் என்பதில் பம்பாய்க்கும் பிலடெல்பியாவுக்கும் வித்தியாசமே இல்லை. அந்தப் பாடத்தை இந்திய முதலாளிகளுக்கு மறுபடி படிக்கவைக்க இன்னொரு உலகப்போர் வர வேண்டியிருந்தது.

அந்த இடைவெளியில்தான் நம் பக்கம் சங்கு ஊதியது. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா, ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கரிசல் பருத்தி உள்ளூரிலேயே நூலாக ஆரம்பித்தது. சுற்றுப்பட்டுக் கிராமத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் முதல்முறையாக மாதச் சம்பளம், ஷிப்டு, வருகைப் பதிவு என்று பழகினார்கள். 1939-ல் போர் மூண்டது. பட்டாளத்துக்குத் துணி, கூடாரம், பை என்று கேட்டது கேட்டபடி போனது. பம்பாய் மில் முதலாளிகள் 1941-ல் ரூபாய்க்கு இரண்டணா வீதம், அதாவது பன்னிரண்டரை சதவீதம் போனஸ் அறிவித்தார்கள். இந்த முறை ஒரு வித்தியாசம். போர்க்காலத்தில் நடுவராக உட்கார்ந்த நீதிபதி எம்.சி. சாக்லா, லாபம் என்பது முதலும் உழைப்பும் சேர்ந்து ஈட்டுவது, அதில் உழைப்புக்கும் பங்கு உண்டு என்ற கருத்தை முன்வைத்தார். 1924-ல் இஷ்டமாக இருந்தது இப்போது பங்காக மாறப் பார்த்தது.

(வாட்ஸ்அப்பில் வருஷம் தவறாமல் வலம் வரும் கதை ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் வாரக்கூலியை மாதச்சம்பளமாக்கி, 52 வாரத்தை 48 வாரமாகச் சுருக்கிவிட்டானாம். அந்த நாலு வாரத்தைத் திரும்பக் கேட்டு 1940-ல் வாங்கியதுதான் போனஸாம். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் பம்பாய் மில்களில் அதற்கு வெகுகாலம் முன்பே மாதச்சம்பளம்தான். 1940-க்குள் போனஸுக்காக ஒன்றரை லட்சம் பேர் தெருவுக்கு வந்து தோற்றும் போயிருந்தார்கள். நிஜக் கதை இதைவிட ருசியானது.)

பங்கு என்றால் எவ்வளவு? அங்கேதான் கணக்கப்பிள்ளைகள் நுழைந்தார்கள். 1950-ல் பம்பாயில் இரண்டு லட்சம் மில் தொழிலாளர்கள் போனஸுக்காக 63 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு சூத்திரம் வகுத்தது. மொத்த லாபத்தில் மெஷின் தேய்மானத்தைக் கழி. பழைய மெஷினுக்குப் பதில் புதியது வாங்க ஒதுக்குவதைக் கழி. வரியைக் கழி. போட்ட முதலுக்கு 6 சதவீதம் கழி. மிச்சம் இருந்தால் பங்கு பிரி. மிச்சம் இல்லை என்று காட்டுவது கணக்கு எழுதத் தெரிந்தவருக்குப் பெரிய காரியமா என்ன? 1955-ல் கான்பூர் மியூர் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், போனஸ் இனாமும் அல்ல, பாக்கி வைத்த கூலியும் அல்ல என்றது. எதுவல்ல என்று தெரிந்துவிட்டது. எது என்று தெரியாமல் தேசம் முழுக்க ஆண்டுதோறும் வழக்குகள் குவிந்தன. அப்போது கல்கத்தாவிலிருந்து பண்டிகை உள்ளே புகுந்தது.

கல்கத்தா கம்பெனிகளில் துர்கா பூஜைக்கு முன் குமாஸ்தாக்களுக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்கும் பழக்கம் இருந்தது. லாப நஷ்டத்தை அதில் பார்ப்பதில்லை. ஒரு கம்பெனி நிறுத்த, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1959-ல் கிரஹாம்ஸ் டிரேடிங் வழக்கில் நீதிமன்றம், பூஜை போனஸ் என்பது லாப போனஸிலிருந்து வேறுபட்டது, வழக்கத்தால் வருவது என்று ஏற்றுக்கொண்டு அதற்கு அடையாளமும் வகுத்தது. இடைவிடாமல் கொடுத்திருக்க வேண்டும், நஷ்ட ஆண்டிலும் கொடுத்திருக்க வேண்டும், ஒரே விகிதத்தில் கொடுத்திருக்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மெக்லியோட் குழு வாசலிலேயே திருப்பி அனுப்பிய ‘வழக்கம்’, கல்கத்தா வழியாக நீதிமன்றத்துக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. இனி சட்டம் போடாமல் தீராது என்று டெல்லிக்குப் புரிந்தது.

1961 இறுதியில் எம்.ஆர். மெஹர் தலைமையில் போனஸ் கமிஷன் அமைந்தது, 1964-ல் அறிக்கை வந்தது. அதில் ஒரு வெடிகுண்டு இருந்தது: நஷ்டம் வந்தாலும் குறைந்தது 4 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும், அதிகபட்சம் 20. தொழிலாளர் அமைச்சர் தாமோதரம் சஞ்சீவய்யா காலத்தில், 1965 மே மாதம் அவசரச் சட்டம் வந்தது. முழுச் சட்டம் நாடாளுமன்றத்தைத் தாண்டிய நேரத்தில் பாகிஸ்தானோடு போர் நடந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 23-ல் போர் நின்றது. 25-ம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்தோடு போனஸ் சட்டம் பிறந்தது. முதல் போரில் கருவாகி, இரண்டாம் போரில் வளர்ந்த பிள்ளைக்கு மூன்றாம் போரில் பெயர் சூட்டியது பொருத்தம்தான். பிள்ளையின் தொட்டிலை ஆட்ட ஆள் வரவில்லை, வழக்குதான் வந்தது.

நஷ்டக் கம்பெனி எங்கிருந்து கொடுக்கும் என்று ஜாலான் டிரேடிங் என்ற கம்பெனி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1966-ல் நீதிபதிகள் சில பிரிவுகளை வெட்டி எறிந்தார்கள். குறைந்தபட்ச போனஸ் மட்டும் தப்பிப் பிழைத்தது. எண்ணைக் கூட்டச் சொல்லித் தொழிற்சங்கங்கள் நெருக்க, 1971-72 ஆண்டுக்கு அது 4-லிருந்து 8.33 ஆனது. பன்னிரண்டு மாதச் சம்பளத்தை நூறு என்று வைத்துப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது எட்டு தசமம் மூன்று மூன்று. அதாவது சரியாக ஒரு மாதச் சம்பளம். 1919-ல் பம்பாய் முதலாளிகள் மனமிரங்கிக் கொடுத்து, 1923-ல் கையை உதறி, துப்பாக்கி வெடித்த பின்னும் கொடுக்க மறுத்த அதே ஒரு மாதச் சம்பளம் அரை நூற்றாண்டு கழித்துத் தசமப் புள்ளியோடு திரும்பி வந்திருந்தது. அதற்கும் ஆயுசு நாலே வருஷம்.

நெருக்கடி நிலை வந்தது. போனஸ் சட்டம் பிறந்த நாளிலிருந்து பத்தாண்டு நிறைந்த அதே 1975 செப்டம்பர் 25 முதல் குறைந்தபட்சம் மீண்டும் 4 ஆகச் சுருங்கியது, அதுவும் மிச்சம் இருந்தால்தான். வேலைநிறுத்தம் செய்யவோ வாய் திறக்கவோ வழியில்லாத காலம். 1977 தேர்தலில் ஆட்சி கவிழ, ஜனதா அரசு 8.33-ஐ மீட்டது. 1980-ல் அது நிலைத்தது. நெருக்கடி நிலைக்கு முன்பே ரயில்வேக்காரர்கள் 1974 மே மாதம் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் 20 நாள் ரயிலை நிறுத்தினார்கள். கோரிக்கைகளில் போனஸும் ஒன்று. அன்று அடக்கப்பட்டார்கள். 1979-ல் ‘உற்பத்தித்திறன் போனஸ்’ என்று அது வேறு வாசல் வழியாக வந்தது. இப்போதெல்லாம் தசராவுக்கு முன் 78 நாள் சம்பளம் என்று தலைப்புச் செய்தியாகிறது.

தீபாவளி எப்போது சேர்ந்தது? 1965-ன் போனஸ் சட்டத்தில் ‘பூஜை போனஸ்’ என்ற பெயர் இருந்தது, தீபாவளியைக் காணோம். கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடு என்பதுதான் கட்டளை. மார்ச் 31-ல் கணக்கு முடித்தால் கெடு நவம்பர் 30. ஐப்பசி அமாவாசை அதற்குள் விழுந்துவிடுகிறது. கல்கத்தாக்காரர்கள் பூஜைக்கும் கேரளத்தார் ஓணத்துக்கும் வாங்க, தமிழ்நாட்டில் சிவகாசிக்கும் ஜவுளிக்கடைக்கும் தோதாகத் தீபாவளி அமைந்துகொண்டது. தமிழக அரசு மின்வாரியம், போக்குவரத்துக் கழகம் முதலான பொதுத்துறை ஊழியர்களுக்கு வழக்கமாக அறிவிக்கும் 20 சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால் சங்கதி விளங்கும். 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் ‘கருணைத் தொகை’. சண்டை போட்டு வாங்கிய உரிமையும் கொடுப்பவரின் கருணையும் ஒரே காசோலையில் கைகோத்துக்கொண்டு வருகின்றன. மாதம் 7,000 ரூபாய் என்ற உச்சவரம்பை வைத்துக் கணக்கிடுவதால் மொத்தம் 16,800 ரூபாய்க்கு மேல் போகாது.

பெரிய மில்லில் இந்தக் கணக்கு எளிது. செட்டியார்பட்டியின் சந்துக்குள் நாலைந்து மெஷின் போட்டுத் தைக்கும் வீட்டிலும், பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து ஓட்டும் தறிக்கூடத்திலும் சட்டத்துக்கு வாசற்படி தாண்ட அனுமதி இல்லை. அங்கே போனஸ் என்பது இன்றும் 1919-தான். கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே தெருக்காரர்கள், ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு உட்கார்ந்து பேசி ஒரு தொகைக்கு வருகிறார்கள். போன வருஷம் கொடுத்ததைவிடக் குறைத்துக் கொடுக்கிற முதலாளி, பண்டிகை முடிந்ததும் தறிக்கு ஆள் தேடத் தெருவில் நிற்கிறார்.